திருகோணமலையில இருந்து ஈமெயில் நியூஸ்லெட்டர் அனுப்பப் போறீங்களா? முதல்ல ஒரு டிசைனை முடிவெடுங்க, பிறகு அதை மாத்தாதீங்க

உப்புவெளி, நிலாவெளி பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிறவங்க, திமிங்கிலம் பாக்க போட்ல ஆக்களைக் கூட்டிப்போறவங்க, கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், டியூஷன் சென்டர் எண்டு நம்மட ஊர்ல இப்ப கனபேருக்கு ஈமெயில் நியூஸ்லெட்டர் தேவைப்படுது. நல்ல விசயம். ஃபேஸ்புக்ல போடுறதை ஆருக்குக் காட்டுறது எண்டு ஃபேஸ்புக்தான் முடிவெடுக்கும், மெயில் லிஸ்ட் எண்டா அது உங்கட கையில இருக்கு, லண்டன்ல இருக்கிறவருக்கும் டொரன்டோவில இருக்கிறவருக்கும் நேரா அவங்கட இன்பொக்ஸுக்கே போகும்.

ஆனா பெரும்பாலும் நடக்கிறது என்னெண்டா, ஒரு மாசம் நீலக் கலர்ல வரும், அடுத்த மாசம் மஞ்சள், லோகோ ஒருக்கா மேல ஒருக்கா கீழ, எழுத்து ஒருக்கா பெருசு ஒருக்கா சின்னன், மூண்டாம் மாசம் வாட்ஸ்அப்ல போட்ட ஃபிளையரையே அப்பிடியே மெயில்ல ஒட்டி அனுப்பிவிடுவாங்க. வாங்குறவருக்கு இது ஆர் அனுப்பினது எண்டே பிடிபடாது. ஒரு நாளைக்கு எத்தனையோ மெயில் வாற ஆள், விரலால தள்ளித் தள்ளிப் போற நேரத்தில உங்கட மெயிலுக்குக் கிடைக்கிறது ஒரு பார்வைதான். கொழும்பு பஸ்ஸை நாங்க போர்ட் வாசிச்சா கண்டுபிடிக்கிறம்? தூரத்தில வரக்குள்ளயே அதின்ட பெயின்ட்டைப் பாத்து கையைக் காட்டுறம் இல்லையா, அந்த மாதிரி உங்கட மெயிலையும் வாசிக்க முதல் தெரிஞ்சுபோக வேணும். அதுக்கு ஒரே டிசைன் வேணும்.

அதைவிட எனக்குப் பெரிசாப் படுற லாபம் அனுப்புற ஆளுக்குத்தான். நம்மட ஊர்ல நியூஸ்லெட்டருக்கெண்டு தனியா ஆள் வச்சிருக்கிறது ஆர்? சங்கத்து செயலாளர் வேலை முடிஞ்சு வந்து ராத்திரி இருந்து செய்வார், இல்லாட்டி கெஸ்ட் ஹவுஸ் முதலாளின்ட மகள் படிப்புக்கு நடுவில செய்வா. ஒவ்வொரு முறையும் கலர் தேடி, ஃபொண்ட் தேடி, படத்தை எங்க வைக்கிறது எண்டு யோசிச்சா அதுலயே நேரம் முடிஞ்சு, எழுத வேண்டிய விசயம் கடைசில ரெண்டு வரில போயிடும். டிசைன் ஒருக்கா முடிவாகிட்டா பிறகு மாசாமாசம் எழுதுறது மட்டும்தான் வேலை. நியூஸ்லெட்டர் நிண்டு போறதுக்கு முக்கியமான காரணமே இந்தக் கரைச்சல்தான் எண்டு நான் நினைக்கிறன்.

சரி, எப்பிடித் தொடங்குறது?

1. ஒரு பேப்பர்ல மூண்டு வரி

கம்ப்யூட்டரைத் திறக்க முதல் பேப்பர்ல எழுதுங்க: இது ஆருக்குப் போகுது, எவ்வளவு நாளைக்கு ஒருக்கா போகுது, வாசிச்சிட்டு அவங்க என்ன செய்ய வேணும். கெஸ்ட் ஹவுஸ் எண்டா ரூம் புக் பண்ண வேணும், சங்கம் எண்டா கூட்டத்துக்கு வர வேணும் இல்லாட்டி சந்தா கட்ட வேணும். இந்த மூண்டாவது வரிதான் உங்கட டிசைன்ல பெரிய பட்டனா வரப்போகுது, அதால அதை யோசிச்சு எழுதுங்க.

2. அனுப்புற பேரும் சப்ஜெக்ட் லைனும்

டிசைன் எண்டா ஆக்கள் கலரைத்தான் நினைப்பாங்க, ஆனா இன்பொக்ஸ்ல முதல்ல தெரியிறது அனுப்பினவர் பேர். அது ஒரு மாசம் சங்கத்தின்ட பேர், அடுத்த மாசம் செயலாளர்ட பேர், பிறகு தலைவர்ட பேர் எண்டு வரக் கூடாது. ஒரே பேர், ஒரே ஈமெயில் முகவரி.

பேர் அங்க இருக்கிறபடியா சப்ஜெக்ட்லயும் திரும்ப பேரைப் போட்டு இடத்தை வீணாக்காதீங்க. தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அகலம், போன் திரையில கொஞ்ச எழுத்துதான் தெரியும், மிச்சம் வெட்டுப்பட்டுப் போகும். அதால விசயம் முன்னுக்கு, மாசம் பின்னுக்கு. "கடல் அமைதியாகிட்டு, போட் தொடங்குது – மே" எண்டு எழுதினா போதும், அடுத்த மாசமும் இதே ஒழுங்கில எழுதுங்க. சப்ஜெக்ட்டுக்குப் பக்கத்தில மங்கலா ஒரு வரி தெரியும், அதை நீங்க தனியா எழுதாட்டி மெயில்ட முதல் வரி எதுவோ அது அங்க வந்து நிக்கும், கனபேருக்கு "இந்த மெயில் சரியாத் தெரியாட்டி இங்க அழுத்துங்க" எண்டு அசிங்கமா நிக்கிறது அதாலதான். அந்த வரியையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்க.

3. எலும்புக்கூடு

அகலம் 600 பிக்சல். கம்ப்யூட்டர், போன் ரெண்டிலயும் சரியா நிக்கிற அளவு எண்டு கனகாலமா எல்லாரும் பிடிச்சிருக்கிறது இது. ஒரே ஒரு கொலம் வையுங்க, பேப்பர் மாதிரி ரெண்டு மூண்டு கொலம் வேண்டாம், போன்ல அது நசுங்கிப் போகும், அதுவும் தமிழ்ல ஒரு சொல்லே ஒரு வரியை நிரப்பிடும்.

மேல இருந்து கீழ இப்பிடி வரட்டும்: லோகோவும் பேரும் உள்ள ஹெடர், பிறகு ஒரு படம், பிறகு வணக்கம் சொல்லி ரெண்டு மூண்டு வரி, பிறகு இந்த மாசத்தின்ட பெரிய விசயம், அதுக்குக் கீழ பட்டன், பிறகு சின்ன விசயம் ரெண்டோ மூண்டோ, கடைசில ஃபூட்டர். உப்புவெளில கெஸ்ட் ஹவுஸ் எண்டு வையுங்க, பெரிய விசயம் இந்த மாசம் கடல் எப்பிடி, ரூம் இருக்கா எண்டது. சின்ன விசயத்தில ஒண்டு எப்பவும் ஊர்ல பாக்கிற இடம், ஒரு மாசம் கன்னியா வெந்நீர் ஊற்று ஏழு கிணறு, ஒரு மாசம் புறாத்தீவு, அது 2003ல தேசிய பூங்காவாக்கினது, நிலாவெளில இருந்து போட்ல போகலாம், இன்னொரு மாசம் பிரெட்ரிக் கோட்டைக்குள்ள நிக்கிற மான்கள். மற்றது எப்பவும் சமையல்கட்டுப் பக்கம். விசயம் மாறும், இடம் மாறாது. ரெண்டு மூண்டு மாசத்தில வாசிக்கிறவருக்கு எது எங்க இருக்கு எண்டு தெரிஞ்சிடும், நேரா தனக்கு வேண்டிய இடத்துக்குப் போவார்.

ஃபூட்டரும் எப்பவும் ஒண்டுதான்: முழு முகவரி, போன் நம்பர், ஏன் இந்த மெயில் உங்களுக்கு வருது எண்டு ஒரு வரி, அன்சப்ஸ்கிரைப் லிங்க். அன்சப்ஸ்கிரைப்பை ஒளிச்சு வைக்காதீங்க. விலக வழி தெரியாத ஆள் ஸ்பேம் எண்டு அழுத்திவிட்டுப் போயிடுவார், அது உங்கட மற்ற மெயில்களையும் சேத்து இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவில 2003ல வந்த சட்டப்படி வியாபார மெயில்ல தபால் முகவரியும் விலகுற வழியும் கட்டாயம், ஐரோப்பாவில 2018ல இருந்து ஆக்கள்ட தகவல் விசயத்தில இன்னும் இறுக்கமான சட்டம் இருக்கு, நம்மட நாட்டிலயும் 2022ல தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திட்டு. நம்மட லிஸ்ட்ல வெளிநாட்டு ஆக்கள்தானே கூட, அதால முதல்ல இருந்தே ஒழுங்கா இருக்கிறது நல்லம்.

4. கலர் மூண்டு போதும்

ஒரு மெயின் கலர், ஒரு எழுத்துக் கலர், பின்னால வெள்ளை. மெயின் கலரை "கடல் நீலம்" எண்டு மனசில வச்சிருந்தா ஆளுக்கு ஆள் வேற நீலம் எடுப்பாங்க, அதால அதின்ட கலர் கோட் நம்பரை எழுதி வையுங்க, உதாரணத்துக்கு #004466 எண்டா கடும் நீலம், #222222 எண்டா கறுப்புக்குக் கிட்டின எழுத்துக் கலர். ஹெடர், பட்டன், தலைப்பு மூண்டுக்கும் மெயின் கலர், மிச்சம் எல்லாம் எழுத்துக் கலர்.

கோயில் மெயில்கள்ல வெள்ளைல மஞ்சள் எழுத்து, காவில சிவப்பு எழுத்து எண்டு போடுறாங்க, மங்களகரமா இருக்கட்டும் எண்டுதான், ஆனா அதை ஆசையா வாசிக்கிறது வயசான ஆக்கள், அவங்களுக்கு அது தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம் குறைஞ்சது 4.5க்கு 1 இருக்க வேணும் எண்டு இணைய அணுகல் வழிகாட்டி சொல்லுது, அதைச் செக் பண்ண இலவசக் கருவிகள் இருக்கு, ரெண்டு கலர்ட கோட் நம்பரையும் போட்டா சொல்லிடும். மஞ்சளும் காவியும் வேணுமெண்டா ஹெடர்ல ஒரு பட்டை மாதிரி வையுங்க, எழுத்தை அதில எழுதாதீங்க.

5. தமிழ் எழுத்து, இதில கொஞ்சம் நிண்டு பாருங்க

ஆங்கிலத்தில இதைப் பத்தி எழுதுறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்குத் தேவையில்லை. நமக்கு இதுதான் முக்கியம்.

முதல் விசயம், எல்லாம் யூனிகோட்ல, அதாவது எந்தப் போன்லயும் கம்ப்யூட்டர்லயும் தமிழாத் தெரியிற பொது எழுத்துமுறைல இருக்க வேணும். நம்மட கந்தோர்கள்லயும் அச்சகங்கள்லயும் இப்பவும் பாமினி எண்ட பழைய ஃபொண்ட்ல டைப் பண்ணின ஃபைல் கனக்க இருக்கு. அதை அப்பிடியே மெயில்ல போட்டா வாங்குறவர்ட போன்ல பாமினி இருக்காது, அவருக்கு ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து ஒண்டும் விளங்காத கூட்டமா வரும். மாத்துறதுக்கு இலவச கன்வேர்ட்டர் இருக்கு, மாத்தினதுக்குப் பிறகு ஒருக்கா முழுசா வாசிச்சுப் பாருங்க, சில எழுத்து இடம் மாறி நிக்கும்.

ரெண்டாவது, மெயிலுக்குள்ள ஃபொண்ட் போகாது, ஃபொண்ட்டின்ட பேர் மட்டும்தான் போகும். நீங்க வடிவான தமிழ் ஃபொண்ட் ஒண்டைப் பாத்துப் பாத்துத் தெரிவு செஞ்சாலும் வாங்குறவர்ட கருவில எது இருக்கோ அதுதான் தெரியும், விண்டோஸ்ல நிர்மலா யூஐ இல்லாட்டி லதா, ஆண்ட்ராய்டுல பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபோன்ல தமிழ் சங்கம். அதால ஃபொண்ட்ல நேரத்தைச் செலவழிக்காம அளவையும் இடைவெளியையும் பிடியுங்க, அது உங்கட கையில இருக்கு. உடம்பு எழுத்து 16 பிக்சல், தலைப்பு 22, வரி இடைவெளி 1.6 மடங்கு. தமிழ்ல மேல விசிறி, கீழ சுழி எண்டு எழுத்து ரெண்டு பக்கமும் நீளும், ஆங்கிலத்துக்கு வைக்கிற இடைவெளில தமிழை வச்சா வரியும் வரியும் முட்டும். சரிச்சு எழுதுற இத்தாலிக் தமிழுக்கு வேண்டாம், வடிவா இருக்காது. நீளமான பந்தியை முழுக்க போல்ட்டாப் போடாதீங்க, சின்ன அளவில எழுத்துக்குள்ள ஓட்டை அடைபட்டு கறுப்பாத் தெரியும்.

மூண்டாவது, வேர்ட்ல இருந்து கொப்பி பண்ணி ஒட்டக்குள்ள அதோட அந்த ஃபைல்ட கலர், அளவு எல்லாம் கூட வந்து உங்கட டிசைனைக் குழப்பும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூண்டையும் சேத்து அழுத்தி ஒட்டினா வெறும் எழுத்து மட்டும் வரும். டிசைன் மாசாமாசம் கொஞ்சங் கொஞ்சமா கெட்டுப் போறது பெரும்பாலும் இந்த ஒட்டுற விசயத்திலதான்.

பிறகு நீளம். மெயில்ட கோட் (எழுத்தும் டிசைனும், படம் இதில சேராது) 102 கேபிக்கு மேல போனா ஜிமெயில் மிச்சத்தை வெட்டிப்போட்டு, முழுசாப் பாக்க ஒரு லிங்க்கை மட்டும் காட்டும். ஆங்கில எழுத்து ஒண்டுக்கு ஒரு பைட், தமிழ்ல "க"வுக்கு மூண்டு, "கொ" எண்டா ஆறு, அதால நமக்கு இந்த எல்லை சீக்கிரம் வரும். வெட்டுப்பட்டா முதல்ல காணாமப் போறது கீழ இருக்கிற ஃபூட்டரும் அன்சப்ஸ்கிரைப்பும்தான். நீளமான கட்டுரை இருந்தா நாலு வரி போட்டு "மிச்சத்தை வாசிக்க" எண்டு உங்கட வெப்சைட்டுக்கு அனுப்புங்க.

மொழி விசயமும் சொல்ல வேணும். கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு கொழும்பு, கண்டில இருந்து வாற சிங்கள ஆக்களும் வெளிநாட்டு ஆக்களும் இருப்பாங்க, மூண்டு மொழியையும் ஒரே மெயில்ல அடுக்கினா ஆருக்கும் தன்ட பகுதி கைக்கு வராது. மூண்டு லிஸ்ட், மூண்டு மெயில், டிசைன் மட்டும் ஒண்டு. எழுத்து மாறும், முகம் மாறாது.

6. படமும் ஃபிளையரும்

முழு நியூஸ்லெட்டரையும் கன்வால ஒரு படமாச் செஞ்சு அந்தப் படத்தை மட்டும் அனுப்புறதை தயவு செஞ்சு விடுங்க. வாட்ஸ்அப்புக்கு அது சரி, மெயிலுக்குச் சரிவராது. சில கந்தோர் மெயில்ல படம் தானா இறங்காது, அப்ப அவருக்குத் தெரியிறது ஒரு வெள்ளைப் பெட்டி. போன்ல படம் சுருங்கினா அதுக்குள்ள உள்ள எழுத்தும் சுருங்கும். கண் தெரியாதவருக்கு போன் வாசிச்சுக் காட்டாது, போன் நம்பரை அழுத்தினா கோல் போகாது, ஆறு மாசத்துக்குப் பிறகு "கூட்டம்" எண்டு மெயில்ல தேடினா அது கிடைக்காது. எழுத்து எழுத்தா இருக்கட்டும், படம் படமா இருக்கட்டும்.

படத்துக்கும் ஒரே அளவு, ஒரே வடிவம் பிடியுங்க. மேல வாற படம் எப்பவும் 1200க்கு 600 எண்டு வெட்டி எடுங்க, மெயில்ல அது 600 அகலத்தில தெரியும், போன்ல கூர்மையா இருக்கும். ஒவ்வொண்டையும் 200 கேபிக்குள்ள சுருக்குங்க. படம் இறங்காட்டித் தெரியிற மாற்று எழுத்தை எழுதுங்க, "படம் 1" எண்டு எழுதாம "டச்சுபே கடற்கரை, பின்னேரம்" எண்டு எழுதுங்க. பட்டனைப் படமாச் செய்யாம, மொத்தமா மெயில் அனுப்புற சேவையில (மெயில்சிம்ப் மாதிரி) இருக்கிற பட்டனையே பாவியுங்க, உயரம் 44 பிக்சலுக்குக் குறையாம, பெருவிரலுக்கு அகப்பட வேணும்.

லோகோவையும் ஒருக்கா பாருங்க. பின்னணி இல்லாத கறுப்பு எழுத்து லோகோ டார்க் மோட்ல (திரை கறுப்பாத் தெரியிற வசதி) அப்பிடியே மறைஞ்சு போகும். சுத்திவர மெல்லிசா வெள்ளைக் கோடு ஒண்டு போட்டு சேவ் பண்ணினா ரெண்டிலயும் தெரியும்.

7. டெம்ப்ளேட்டா சேவ் பண்ணுறது

மெயில்சிம்ப், பிரேவோ மாதிரி எந்தச் சேவைய எடுத்தாலும் டெம்ப்ளேட்டா சேவ் பண்ண வழி இருக்கு. மேல சொன்ன எல்லாத்தையும் வச்சு ஒரு வெறும் மெயில் செய்யுங்க, தலைப்பு வாற இடத்தில "இங்க தலைப்பு", படம் வாற இடத்தில சாம்பல் பெட்டி, சேவ் பண்ணுங்க. ஒவ்வொரு மாசமும் இதில இருந்துதான் தொடங்க வேணும். போன மாசத்து மெயிலைக் கொப்பி பண்ணித் தொடங்குறது லேசாத்தான் இருக்கும், ஆனா போன மாசம் அவசரத்தில செஞ்ச சின்ன மாற்றமெல்லாம் அதோட சேந்து வரும், பழைய திகதியும் எங்கயாவது ஒளிஞ்சு நிக்கும்.

வெறும் ஜிமெயில்ல இருந்து அனுப்பலாமா எண்டா, இருபது முப்பது பேருக்கு எண்டா பரவாயில்லை, எல்லார்ட முகவரியையும் பிசிசில போடுங்க, ஒருத்தர்ட முகவரி மற்றவருக்குத் தெரியக் கூடாது. ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல சாதாரண ஜிமெயில் விடாது. லிஸ்ட் வளந்தா சேவைக்கு மாறுங்க, மாறக்குள்ள சொந்த டொமைன் (ஈமெயில் முகவரில @க்குப் பிறகு வாற பேர்) ஒண்டு எடுத்து அதில இருந்து அனுப்புங்க, ஜிமெயில் முகவரியை வச்சு வேற சேவையால அனுப்பினா ஸ்பேமுக்குப் போக வாய்ப்புக் கூட. மெயில் உண்மையா உங்கட டொமைன்ல இருந்துதான் வருது எண்டு காட்ட, டொமைன்ல எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எண்டு மூண்டு பதிவு போட வேணும், சேவைக்காரரே படிபடியா காட்டுவாங்க, ஒரு பின்னேர வேலை. 2024 பெப்ரவரில இருந்து மொத்தமா கனக்க மெயில் அனுப்புறவங்களுக்கு (கூகுள் கணக்குப்படி நாளைக்கு 5000) கூகுளும் யாகூவும் இதைக் கட்டாயமாக்கிட்டாங்க, சின்ன லிஸ்ட்டுக்கும் இது நல்லது.

8. அனுப்ப முதல்

உங்களுக்கே ஒருக்கா அனுப்பிப் பாருங்க, பிறகு ஆண்ட்ராய்டு வச்சிருக்கிற ஒருத்தருக்கு, ஐபோன் வச்சிருக்கிற ஒருத்தருக்கு, கந்தோர்ல அவுட்லுக் பாவிக்கிற ஒருத்தருக்கு. அவுட்லுக்கை விடாதீங்க, விண்டோஸ்ல உள்ள பழைய அவுட்லுக் 2007ல இருந்து வேர்ட்டை வச்சுத்தான் மெயிலைக் காட்டுது, மற்ற இடத்தில வடிவா இருக்கிறது அங்க குலைஞ்சு நிக்கும். நல்ல செய்தி என்னெண்டா டிசைன் மாறாட்டி இந்தப் பெரிய டெஸ்ட் முதல் முறைக்கு மட்டும்தான், பிறகு லிங்க், திகதி, போன் நம்பர் சரியா எண்டு பாத்தாப் போதும்.

நேரமும் டிசைன்ல சேந்ததுதான். சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு இங்க இருந்து விட்டா கோடை காலத்தில லண்டன்ல மத்தியானம் ஒண்டரை, டொரன்டோவில காலம எட்டரை, ரெண்டு இடத்திலயும் ஆக்கள் முழிச்சிருப்பாங்க. மெல்பேர்ன்ல ராத்திரி பத்தரை, அவங்க அடுத்த நாள் பாப்பாங்க. ஒரு நேரத்தைப் பிடிச்சா அதையே வச்சுக்கொள்ளுங்க.

9. காசு கேக்கிற மெயில்

திருவிழா, திருப்பணி, பள்ளிக்கூடக் கட்டடம் எண்டு வெளிநாட்டு ஆக்கள்ட்ட காசு கேக்கிற நியூஸ்லெட்டர் நம்மட ஊர்ல கனக்க. இங்க ஒரே டிசைன் ஒரு பாதுகாப்பு, மாசாமாசம் ஒரே மாதிரிப் பாத்தவருக்கு வேற மாதிரி ஒண்டு வந்தா உடன சந்தேகம் வரும். ஆனா டிசைனைக் களவெடுக்கவும் முடியும், அதால டிசைனை மட்டும் நம்பவிடாதீங்க. பேங்க் கணக்கு நம்பரை மெயில்ல எழுதாம உங்கட வெப்சைட்ல ஒரே பக்கத்தில வச்சு, பட்டன் எப்பவும் அந்தப் பக்கத்துக்கே போகட்டும். "கணக்கு நம்பர் மாறினதா மெயில் வந்தா முதல்ல எங்களுக்குக் கோல் எடுங்க" எண்டு ஃபூட்டர்ல நிரந்தரமா ஒரு வரி போடுங்க.

10. எதை மாத்தலாம், எப்ப மாத்தலாம்

மேல வாற படத்தை ஒவ்வொரு முறையும் மாத்தலாம், மாத்தத்தான் வேணும். தைப்பொங்கலுக்கு ஹெடருக்குக் கீழ ஒரு சின்னக் கோலம் வந்தா ஆரும் குழம்ப மாட்டாங்க. லோகோ, கலர், ஒழுங்கு, அனுப்புற பேர் இந்த நாலையும் ஒரு வருசத்துக்குத் தொடாதீங்க. செய்யிற உங்களுக்கு மூண்டாம் மாசத்திலயே சலிக்கும், வாசிக்கிறவருக்கு அப்பதான் பழகத் தொடங்கியிருக்கும்.

மாத்தாம இருந்தா இன்னொரு விசயமும் தெரியவரும். டிசைன் ஒண்டா இருக்கக்குள்ள ஒரு மாசம் கிளிக் கூடினா அது எழுதின விசயத்தால எண்டு ஓரளவு நம்பலாம், எல்லாத்தையும் ஒண்டா மாத்தினா எதால எண்டு பிடிக்கவே ஏலாது. எத்தனை பேர் திறந்தாங்க எண்ட கணக்கைப் பெரிசா எடுக்காதீங்க, 2021ல ஆப்பிள் மெயில்ல ஒரு தனியுரிமை வசதி வந்ததில இருந்து திறக்காத மெயிலும் திறந்த மாதிரிக் காட்டும். கிளிக்கையும் திரும்பி வாற பதிலையும் பாருங்க. ஏதாவது மாத்திப் பாக்க வேணுமெண்டா ஒரு முறைக்கு ஒண்டு, பட்டன்ட இடம், இல்லாட்டி சப்ஜெக்ட் எழுதுற விதம்.

கடைசியா, சங்கங்கள்ல செயலாளர் மாறுவார், கெஸ்ட் ஹவுஸ் மகள் கம்பஸுக்குப் போயிடுவா. ஒரே ஒரு பக்கத்தில எழுதி வையுங்க: கலர் கோட் ரெண்டு, எழுத்து அளவு, படத்தின்ட அளவு, எந்த ஒழுங்கில எது வரும், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, சப்ஜெக்ட் எப்பிடி எழுதுறது, லோகோ ஃபைல் எங்க இருக்கு. மெயில் சேவையின்ட கணக்கு ஒருத்தர்ட சொந்த ஜிமெயில்ல இல்லாம சங்கத்தின்ட முகவரில இருக்கட்டும், டொமைன் எப்ப புதுப்பிக்க வேணும் எண்ட திகதியையும் அந்தப் பக்கத்தில மேலேயே எழுதுங்க.